பிளாரென்ஸ் நைட்டிங்கேல் அம்மையார்

நோய் தீர்க்கும் தொழிலுக்கு உறுப்புக்கள் நான்கு என்பது வள்ளுவர் கொள்கை. நோயுற்றவன், அதனைத் தீர்க்கும் மருத்துவன், மருந்து, அம்மருந்தை அருகிலிருந்து பக்குவம் பிழையாது கொடுப்பவன் என்று அந்நான்கினையும் ஒரே குறளில் எண்ணி வைத்தார் அப்பெரியார். இவற்றுள் முதல் மூன்றினையும் உலகம் எந்நாளும் மதித்து வந்தது. நான்காவது உறுப்பினையோ நெடுங்காலம் ஒரு பொருட்டாக எண்ணிற்றில்லை. பிழைப்புக்கு வேறு வழியில்லாதவர் செய்யும் ஊழியமாகவே மேனாட்டாரும் அதனைக் கருதியிருந்தனர். அவ்வுறுப்பினை மற்ற மூன்றோடும் ஒப்ப உயர்த்தி வைத்த ஒரு மாதரசியின் சரித்திரத்தை ஈண்டுச் சுருக்கமாக எடுத்துரைக்கப் புகுகின்றோம்.

இக்காலத்தில் தாதியர் கல்வி பயிலும் மாணவியர் பரீட்சைக்கு ஆயத்தமாகும்பொழுது, அவர்தம் கைப்புத்தகங்களைச் சற்று வாங்கிப் பார்ப்போமாயின், ஒருவகை வினா அடிக்கடி நம் கண்ணிற்படும். ஒரே வார்டில் நோயாளர் நால்வர் உளர். ஒருவர் வலி பொறாது கூவுகின்றார். ஒருவர் வீடு செல்ல விடை கேட்கின்றார். ஒருவருடைய புண்ணின் கட்டு நனைந்திருக்கின்றது. ஒருவர் உதடு நீலம் பாரித்து, மூச்சு வாங்க மாட்டாமல், ஓசையின்றிக் கிடக்கின்றார். தாதி முதலில் யாரிடம் செல்லல் வேண்டும்? கூவுகின்றவரிடம் ஓடுதல் மனித சுபாவம். கூவவும் இயலாதவரிடம் செல்வதே சரியான விடை. மூச்சு முதலாவது, இரத்த ஓட்டம் அடுத்தது, பிறவெல்லாம் பின்னர் என்பது அவர்கள் மனனம் செய்யும் முறை. மருந்து கொடுக்குமுன் ஆள் இன்னார், மருந்து இன்னது, அளவு இவ்வளவு, வேளை இது, கொடுக்கும் வழி இது என ஐந்தும் சரிபார்த்தல், அழைப்பு மணியை நோயாளியின் கைக்கு எட்டவைத்தல், ஒருவரைத் தொட்டபின் மற்றொருவரைத் தொடுமுன் கை கழுவுதல் முதலியனவும் அவ்வாறே. இரக்கம் மாத்திரம் போதாது, இரக்கத்துக்கு ஓர் ஒழுங்கும் வேண்டும் என்பதே இவ்விதிகள் அனைத்தின் சாரம். இதனை உலகறியச் செய்தவருள் முதன்மை பெற்றவர் பிளாரென்ஸ் நைட்டிங்கேல் அம்மையார்.

பிறப்பும் வளர்ப்பும்

இவர் 1820-ஆம் ஆண்டு மே மாதம் 12-ஆம் நாள் இத்தாலி தேசத்துப் பிளாரென்ஸ் நகரில் பிறந்தார். ஆங்கிலேயராகிய பெற்றோர் அந்நாளில் அங்குத் தங்கியிருந்தமையால் அந்நகரின் பெயரே குழந்தைக்கு இடப்பட்டது. தந்தையார் வில்லியம் எட்வர்டு நைட்டிங்கேல், பெருஞ்செல்வர். டெர்பிஷயரில் ஒரு மாளிகையும் ஹாம்ப்ஷயரில் ஒரு மாளிகையும் அக்குடும்பத்துக்கு இருந்தன. ஆண்மக்கள் இன்மையால் தம் பெண்கள் இருவருக்கும் தந்தையாரே ஆசிரியராயமர்ந்து கிரேக்கம், இலத்தீன், சரித்திரம், தத்துவம் முதலியவற்றைக் கற்பித்தார். பிளாரென்ஸ் கணிதத்தில் பேரவாக் கொண்டார். பெண்ணுக்குக் கணிதம் எற்றுக்கு என்று அன்னையார் தடுத்தும் அவர் விடவில்லை. அக்கணிதம் பின்னாளில் எத்துணை உயிர்களுக்குத் துணையாயிற்று என்பதை மேலே காண்போம்.

1837-ஆம் ஆண்டு பிப்ரவரி மாதம் 7-ஆம் நாள், பதினாறு வயதில், கடவுள் தம்மைத் தமது பணிக்கு அழைத்தார் என்னும் உணர்ச்சி அவருள்ளத்தில் ஆழப் பதிந்தது. பணி இன்னதென்பது அன்று விளங்கவில்லை. ஏழைகளின் குடிசைகளில் நோயுற்றோரைக் கண்டு பழகப் பழக அது மெல்ல மெல்லத் தெளிவாயிற்று. 1845-இல் ஸால்ஸ்பரி வைத்தியசாலையில் சில மாதம் தங்கித் தொழில் பழக விரும்பினார். பெற்றோர் அதிர்ச்சியுற்று மறுத்தனர். அக்காலத்து வைத்தியசாலைகள் துர்நாற்றத்துக்கும், அங்கு ஊழியம் செய்வோர் குடிப்பழக்கத்துக்கும் பெயர் பெற்றிருந்தமையின் அவர்கள் மறுத்தது வியப்பன்று. தம்மை மணக்க விரும்பிக் காத்திருந்த நல்லார் ஒருவரையும் அம்மையார் 1849-இல் மறுத்துவிட்டார். அரசாங்க அறிக்கைகளையும் வைத்தியசாலைக் கணக்குகளையும் விடியற்காலையில் எழுந்து தனித்திருந்து படித்து வந்தார். 1851-இல், ஜெர்மனியிலுள்ள கைஸர்ஸ்வெர்த் என்னும் ஊரில், பிளீட்னர் என்னும் போதகர் நடத்திவந்த ஊழியப் பெண்கள் இல்லத்திற்சென்று மூன்று மாதம் பயிலும் பேறு வாய்த்தது. அழைப்புப் பெற்றதற்கும் தொழிலைத் தொட்டதற்கும் இடையே பதினான்கு ஆண்டுகள் கழிந்தமை நோக்கத்தக்கது.

மணியும் கதவும்

1853-இல் இலண்டன் மாநகரில் அப்பர் ஹார்லி தெருவிலிருந்த, நோயுற்ற நன்மக்கட் பெண்டிருக்குரிய சிறு வைத்தியசாலையின் தலைமை இவரிடம் ஒப்புவிக்கப்பட்டது. தந்தையார் ஆண்டுக்கு 500 பவுன் அளித்தமையால் ஊதியமின்றியே ஏற்றுக்கொண்டார். பொறுப்பேற்குமுன்னரே அவர் கேட்டவை மூன்று. வெந்நீர் குழாய் வழியாய் ஒவ்வொரு மாடிக்கும் வருதல் வேண்டும். உணவு சூடாறாமல் மேலேற ஒரு தூக்குப் பொறி வேண்டும். நோயாளி மணி அடித்தால், தாதியின் அறைக்கு வெளியே அந்த மணிக்குரிய சிறு கதவு திறந்து, அவள் வந்து பார்க்குமளவும் திறந்தே நிற்றல் வேண்டும். இம்மூன்றாவது ஏற்பாட்டின் நுட்பம் எண்ணத்தக்கது. மணியோசை காற்றில் மறைந்துவிடும். அழைத்தவர் யாரென்பது மறந்து போகும். திறந்த கதவோ மறைவதில்லை. படி ஏறி இறங்கித் தாதியின் கால்கள் தளராமையும், அழைத்தவர் கவனிப்பாரின்றிக் கிடவாமையும் ஒரே பொறியால் ஆயின. இன்றைய வைத்தியசாலைகளில் படுக்கைதோறும் பொத்தானும், தாதியர் மேசையில் ஒளிரும் விளக்கும் வைக்கும் வழக்கத்தின் நோக்கமும் இதுவேயாம்.

ஸ்கூட்டாரி

1854-ஆம் ஆண்டு ருஷியாவோடு இங்கிலாந்தும் பிரான்சும் கிரிமியாவிற் போர் தொடுத்தன. காயமுற்ற ஆங்கிலப் போர்வீரர் கப்பலேற்றப்பட்டுக் கான்ஸ்டாண்டிநோபிள் நகருக்கு எதிர்க்கரையிலுள்ள ஸ்கூட்டாரிக்கு அனுப்பப்பட்டனர். அங்கே கட்டுத்துணியின்றியும் கவனிப்பாரின்றியும் அவர்கள் மடிவதை டைம்ஸ் பத்திரிகை வெளியிடவே, தேசமெங்கும் கொதிப்புண்டாயிற்று. யுத்த மந்திரிகளுள் ஒருவராகிய ஸிட்னி ஹெர்பர்ட் அம்மையாரின் நண்பர். அவர் வேண்டுகோளின்படி அம்மையார் 38 தாதியருடன் அக்டோபர் மாதம் 21-ஆம் நாள் புறப்பட்டு, நவம்பர் மாதம் 4-ஆம் நாள் ஸ்கூட்டாரி சேர்ந்தார். அந்த 38 பேரில் 24 பேர் கத்தோலிக்கரும் ஆங்கிலிக்கருமாகிய சகோதரிகள். 14 பேர் வைத்தியசாலைத் தாதியர். சபைப் பிணக்கு மலிந்த அக்காலத்தில் இவர்களை ஒரே குடைக்கீழ் நடத்தியதே ஓர் அருஞ்செயல் எனலாம்.

ஆங்கிருந்த இராணுவ வைத்தியர்கள் பெண்களை விரும்பவில்லை. அம்மையார் அவர்களோடு வாதிடவுமில்லை. வைத்தியர் அழையாமல் தாதி ஒருத்தியும் நோயாளியைத் தொடலாகாது என்று கட்டளையிட்டு, தம்மவரைத் துணி தைக்கவும் கட்டுகள் ஆயத்தம் செய்யவும் அமர்த்தினார். கண்முன் நோவாளர் கிடக்கக் கை கட்டியிருத்தல் எளிதன்று. சில நாளில் இங்கர்மன் போரில் காயமுற்றோர் வெள்ளம்போல் வந்து நிறையவே, வைத்தியர்களே அழைத்தனர். அப்பாற் பணி ஓயவில்லை. தரை தேய்க்கப்பட்டது. அருகில் ஒரு வீடு அமர்த்தப்பட்டுக் கொப்பரைகள் வைத்துத் துணி வெளுக்கப்பட்டது. நோயாளர்க்குரிய உணவு வேறாகச் சமைக்கப்பட்டது. இரவு எட்டு மணிக்குமேல் பெண்கள் வார்டுகளில் நிற்கலாகாது என்பது சட்டம். அம்மையார் ஒருவரே கையில் விளக்கேந்தி, நெடிய தாழ்வாரங்களில் படுக்கை படுக்கையாய்ப் பார்த்துச் செல்வார். விளக்கேந்திய மாது என்னும் பெயர் இதனால் எழுந்தது. அமெரிக்கக் கவி லாங்பெலோ 1857-இல் அவரைப் பாட்டில் அமைத்துப் புகழ்ந்தார். படங்களில் நாம் காணும் அகல்போன்ற விளக்கன்று அவர் ஏந்தியது. துருக்கியர் வழங்கும், மடிக்கத்தக்க துணிக்கூடு அது.

இதுவரை கூறியது பள்ளிச் சிறுவரும் அறிந்த கதை. இதனோடு நின்றுவிடுவாரே மிகப் பலர். ஆயினும் அம்மையாரின் உண்மைப் பெருமை இதற்கு அப்பாலே உள்ளது. அதனைச் சொல்லுதற்கே நாம் இதனை எழுதத் துணிந்தோம்.

கணக்கு காட்டிய உண்மை

விளக்கு உலாவிய அந்தக் குளிர்காலத்தில் ஸ்கூட்டாரியில் மரணம் குறையவில்லை, பெருகிற்று. 4,000-க்கு மேற்பட்ட வீரர் அங்கே மாண்டனர். பெரும்பாலோர் மாண்டது புண்ணாலன்று. வாந்திபேதி, சீதபேதி, விஷக்காய்ச்சல் முதலிய நோய்களால். அம்மையார் உணவுக் குறைவையும் துணிக் குறைவையும் களைப்பையுமே அன்று காரணமாகக் கருதியிருந்தார். 1855-ஆம் ஆண்டு மார்ச் மாதம் இங்கிலாந்திலிருந்து டாக்டர் ஸதர்லண்டு முதலிய சுகாதாரக் கமிஷனர்கள் வந்து பார்த்தபொழுதுதான் கட்டடத்தின் உள்நிலை வெளியாயிற்று. மாளிகைபோல் நின்ற அவ்வைத்தியசாலையின் அடியில் சாக்கடைகள் அடைபட்டுத் தேங்கிக் கிடந்தன. குடிநீர் வரும் கால்வாயில் குதிரைப் பிணம் கிடந்தது. அவர்கள் சாக்கடைகளைக் கழுவி, குப்பைகளை வண்டி வண்டியாய் அப்புறப்படுத்தி, சுவர்க்குச் சுண்ணாம்பு பூசி, காற்றோட்டம் உண்டாக்கினர். பிப்ரவரி மாதத்தில் சிகிச்சை பெற்றோரில் நூற்றுக்கு ஏறக்குறைய 42 ஆக இருந்த மரணம், ஜூன் மாதத்தில் நூற்றுக்கு 2 அளவுக்கு இறங்கிற்று.

1856-ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதம் அம்மையார் தாய்நாடு திரும்பினார். தேசமே வரவேற்கக் காத்திருந்தும் ஆரவாரத்துக்கு அஞ்சி ஒருவருமறியாமல் வீடு சேர்ந்தார். கிரிமியாவில் 1855-இல் கண்ட கடுங்காய்ச்சல் அவருடலை நிலையாகக் கெடுத்திருந்தது. எனினும் ஓய்ந்திருக்கவில்லை. போரில் இறந்தோர் கணக்கை வில்லியம் பார் என்னும் புள்ளிக்கணக்கு அறிஞருடன் அமர்ந்து ஆராயத் தொடங்கினார். அப்போரில் ஆங்கிலப் படையில் நோயால் மாண்டோர் ஏறக்குறைய 16,000 பேர். களத்திலும் காயத்தாலும் மாண்டோர் 5,000-க்கும் குறைவு. போர்முனைக்கு அருகே கூடாரங்களில் கிடந்தவரிற் பலர் பிழைத்திருக்க, கப்பலேறி ஸ்கூட்டாரி வந்தவர் மிகுதியாக மாண்டதையும் அக்கணக்கு காட்டிற்று. கொன்றது பகைவனன்று, வைத்தியசாலையே என்று தெளிவாயிற்று. அவ்வைத்தியசாலையோ அவர் இரவு பகலாய் உழைத்த இடம். அவர் பெயரால் உலகம் போற்றிய இடம்.

இவ்விடத்தில் நாம் சற்று நின்று எண்ணுவது தகும். புகழின் உச்சியிலிருந்த ஒருவர் அக்கணக்கைப் பெட்டியில் பூட்டிவைத்திருப்பினும் கேட்பார் இல்லை.  அம்மையாரோ அதனை மறைக்கவில்லை. 1858-இல் தம் பொருட்செலவிலேயே பெரிய அறிக்கையாக அச்சிட்டு, அதிகாரத்திலிருந்தோர்க்கு அனுப்பினார். எண்களைக் கண்டு மயங்குவோர்க்கும் விளங்குமாறு ஒரு படமும் வரைந்தார். ஒரு வட்டத்தை மாதங்களாகப் பன்னிரண்டு கூறிட்டு, தடுக்கத்தக்க நோயால் இறந்தோர்க்கு நீலமும், காயத்தால் இறந்தோர்க்குச் சிவப்பும், பிற காரணத்தால் இறந்தோர்க்குக் கறுப்பும் தீட்டினார். நீலம் இதழ்போல் விரிந்து வட்டத்தை விழுங்கிக் கிடப்பதைக் கண்டவர்க்கு வேறு விளக்கம் வேண்டுவதில்லை. அமைதிக் காலத்திலும் படைவீடுகளில் வாழும் இளைஞர் வெளியிலுள்ள அவ்வயதினரைப்போல் ஏறக்குறைய இருமடங்கு இறக்கின்றனர் என்பதையும் அவர் மெய்ப்பித்தார். அவ்வாண்டே இலண்டன் புள்ளிக்கணக்குச் சங்கம் அவரை உறுப்பினராகச் சேர்த்துக்கொண்டது. அச்சங்கத்தில் இடம் பெற்ற முதற் பெண்மணி அவரே.

நூல்களும் பள்ளியும்

1859-இல் வைத்தியசாலைகளைக் குறித்து ஒரு நூல் வெளியிட்டார். நோயாளிக்குத் தீங்கு செய்யாமையே வைத்தியசாலையின் முதற் கடன் என்பதே அதன் அடிப்படைக் கருத்து. அவ்வாண்டின் இறுதியில் தாதிமையைக் குறித்த சிறு நூலும் வெளிவந்தது. நோயாளி உட்கொள்ளும் காற்று வெளிக்காற்றைப்போல் தூயதாயிருத்தல் வேண்டும், ஆயினும் அவன் குளிரால் நடுங்கலாகாது என்பதை அதில் யாவற்றுக்கும் முதலாக வைத்தார். அவர் எண்ணியது அறையின் காற்றை. இன்றைய மாணவியர் முதலாவதாக எண்ணுவது உடலினுள் மூச்சு செல்லும் வழியை. பொருள் வேறாயினும், முதலாவது எது என்று தேடும் பழக்கம் இரண்டுக்கும் பொது. தாதி பகலில் அடிக்கடி கை கழுவுதல் வேண்டும் என்று அதில் வற்புறுத்தினார். இரவு நன்றாயிருந்ததா என்று வினவாது, எத்தனை மணிக்கு உறங்கினார், எத்தனை மணிக்கு விழித்தார் என்று வினவக் கற்பித்தார். முதல் வினா முகமன் பெறும், இரண்டாவதே உண்மை பெறும் என்பது அவர் கருத்து. தான் இருக்கும்பொழுது தாதி செய்வது, தான் இல்லாதபொழுதும் நடைபெறுமாறு ஏற்பாடு செய்தலே நிர்வாகம் என்றும் விளக்கினார். வேளை மாறும்போது ஒரு தாதி மற்றொரு தாதியிடம் நோயாளியின் நிலையை ஒப்புவிக்கும் இன்றைய முறையை இதனோடு ஒப்பிட்டுக் காண்க.

போர்க்காலத்தில் பொதுமக்கள் நன்றியாகத் திரட்டிய நிதி ஏறக்குறைய 45,000 பவுன். அதனைக்கொண்டு 1860-இல் இலண்டன் ஸெயிண்ட் தாமஸ் வைத்தியசாலையில் தாதியர் பயிற்சிப்பள்ளி நிறுவப்பட்டது. அங்குப் பயின்றோர் பல தேசங்களுக்குச் சென்றனர். 1868-இல் லூஸி ஆஸ்பர்ன் அம்மையார் துணைவியர் ஐவருடன் ஆஸ்திரேலியாவிலுள்ள ஸிட்னிக்குச் சென்று அத்தொழிலை நிலைநாட்டினார்.

அந்நிதியிலிருந்தே கிங்ஸ் காலேஜ் வைத்தியசாலையில் மருத்துவச்சியர்க்கு ஒரு பயிற்சியிடமும் நடத்தப்பட்டது. அங்குப் பிரசவித்த தாய்மாரிற் பலர் சூதகக் காய்ச்சலால் மாண்டனர். அம்மையாரின் பெயரோடு இணைந்த நிலையமாயினும் 1867-இல் அது மூடப்பட்டது. அதனோடு விடாமல், பல நாடுகளின் பிரசவ மரணக் கணக்கைத் தொகுத்து ஆராய்ந்து, வீட்டிற் பிரசவிப்போரினும் பிரசவசாலையிற் பிரசவிப்போரே அக்காலத்து மிகுதியாக மாண்டனர் என்பதை 1871-இல் ஒரு நூலாக வெளியிட்டார். தம் தோல்வியையே ஆராய்ச்சிப் பொருளாக்கியது இது இரண்டாம் முறை.

அவரிடத்தும் குறையில்லை என்று நாம் கூறோம். துர்க்காற்றே நோய்க்கு வித்து என்று நெடுநாள் நம்பினார். கிருமிகளைப்பற்றிய புதிய கொள்கையை எளிதில் ஏற்றிலர். 1880-க்குப் பின் எழுதியவற்றிலேதான் கிருமிநாசினி முறைகளுக்கும் இடந்தந்தார். உடனுழைத்தோரைச் சில வேளை இரக்கமின்றி வேலை வாங்கியதும் உண்டு. எனினும் காரணத்தைப் பிழையாக அறிந்தபோதும், தூய நீர், தூய காற்று, தூய கை என்னும் பரிகாரங்கள் பிழையாகவில்லை. கணக்கைக் கைவிடாமையே அவரை வழி தவறாமற் காத்தது.

இந்தியாவும் அம்மையாரும்

அம்மையார் இந்தியாவைக் கண்ணாற் கண்டதில்லை. ஆயினும் வாழ்நாளிற் பெரும்பகுதி நம் தேசத்தைப்பற்றிய சிந்தனையிற் கழிந்தது. இந்தியாவிலிருந்த ஆங்கிலப் படையின் சுகாதாரத்தை ஆராய 1859-இல் ஏற்பட்ட கமிஷனுக்கு அவரே உயிர்நாடி. ஒவ்வொரு படைவீட்டிலிருந்தும் விவரங்களை வருவித்துப் படுக்கையிலிருந்தபடியே ஆராய்ந்தார். ஆண்டுதோறும் ஆயிரவரில் 69 பேர் இறக்கின்றனர் என்று 1863-இல் அறிக்கை வெளிவந்தது. பத்தாண்டுக்குள் அத்தொகை 18 ஆகக் குறைந்தது. அப்பால் அவர் கருத்து படையினின்றும் குடிமக்கள்பாற் சென்றது. 1876 முதல் 1878 வரை சென்னை மாகாணத்தைச் சூறையாடிய தாது வருஷப் பஞ்சத்தைக் கேட்டு உள்ளம் கொதித்தார். கொள்ளிடத்தில் அணை கட்டிய ஆர்தர் காட்டன் துரையோடு கடிதப் போக்குவரத்துச் செய்து, நீர்ப்பாசனம் பெருகினாலன்றிக் குடியானவன் பிழைக்கமாட்டான் என்று இங்கிலாந்தின் பத்திரிகைகளில் எழுதினார்.

நம் நாட்டிற் பயிற்சி பெற்ற தாதியர் தொழில் வேரூன்றியதில் மிஷன் வைத்தியசாலைகளின் பங்கு பெரிது. ஐடா ஸ்கடர் அம்மையாரின் வேலூர் வைத்தியசாலையில் 1909-இல் தொடங்கிய தாதியர் பள்ளி 1946-இல் பட்டம் அளிக்கும் கல்லூரியாக வளர்ந்தது. இன்றும் நம் மாணவியர் தொழிலிற் புகும்போது விளக்கேந்தி உறுதிமொழி கூறுகின்றனர். அவர் பிறந்த மே மாதம் 12-ஆம் நாள் உலகமெங்கும் தாதியர் தினமாகக் கொண்டாடப்படுகின்றது.

இறுதி

1907-இல் ஆங்கில அரசர் ஆர்டர் ஆப் மெரிட் என்னும் உயரிய விருதை அவருக்கு அளித்தார். அதனைப் பெற்ற முதற் பெண்மணி அவரே. அப்போது கண்ணொளியும் நினைவும் மங்கியிருந்தன. 1910-ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதம் 13-ஆம் நாள், தொண்ணூறாம் வயதில், உறக்கத்திலேயே ஆண்டவருக்குள் அடங்கினார். மன்னரும் மகாகவிகளும் துயிலும் வெஸ்ட்மின்ஸ்டர் ஆலயத்தில் அடக்கம் செய்ய அரசாங்கத்தார் முன்வந்தும், அவர் விருப்பப்படி உறவினர் மறுத்து, ஹாம்ப்ஷயர் கிராமத்துக் கோயில் முற்றத்திற் குடும்பக் கல்லறையில் வைத்தனர். பெயரின் முதலெழுத்து இரண்டும் பிறப்பிறப்பு நாட்களுமே அவருக்காக அங்குப் பொறிக்கப்பட்டுள்ளன.

நல்ல சமாரியனின் கதையை நாம் அனைவரும் அறிவோம். வழியிற் கிடந்தவனைக் கண்டு மனமுருகியதோடு அவன் நில்லாது, காயத்தைக் கட்டி, வாகனத்தில் ஏற்றி, சத்திரக்காரனிடம் ஒப்புவித்து, மீளவும் வந்து கணக்குத் தீர்ப்பதாகச் சொல்லிச் சென்றான். மனமுருகுவார் நம்மிற் பலர். மீண்டும் வந்து கணக்குப் பார்ப்பார் சிலரே. நாம் பரீட்சையில் ஒரு வினாவுக்குப் பிழையாக விடை எழுதினால் ஒரு மார்க்கு போகின்றது. அதனையும் பிறர் காணாமல் மறைக்கப் பார்க்கின்றோம். அம்மையாரின் பிழைக்கு உயிர்கள் விலையாயின. அதனை அவர் மறைத்திருப்பின் மேலும் எத்துணையோ உயிர்கள் விலையாகியிருக்கும். இன்று மருந்து மாறியதையோ நோயாளி தவறி விழுந்ததையோ உள்ளபடி எழுதி ஒப்புவிக்குமாறு தாதியர்க்குக் கற்பிக்கப்படுவதும் இதன் பொருட்டே.

எத்தொழிலிற் புகினும், விளக்கை நோயாளியின் முகத்துக்கு நேரே பிடிப்பதோடு அமையாது, நம் வேலையின் கணக்கேட்டுக்கு நேரேயும் பிடித்துப் பார்க்கும் துணிவை ஆண்டவர் நம்மனைவர்க்கும் அருள்வாராக.